பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோற ஊரா பண்ணைப்புரம்?

"ராஜா சார் ஊரா? அட, இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

சென்னையில் என் சொந்த ஊர் பண்ணைப்புரம் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான். போன பொங்கல் லீவுக்கு ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் கேள்வியோடு நிற்காமல் கிளம்பியே வந்துவிட்டார்கள். இப்போதுதான் சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில் இருக்கிறதே! 2023 ஜூனில் ஆரம்பித்தது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் போடிநாயக்கனூர். அங்கிருந்து தேவாரம் வழியாக எங்க ஊருக்கு பஸ்.

வந்ததும் பெருமையாக ஊருக்குள் கூட்டிப் போனேன். இளையராஜா வீட்டைக் காட்டினேன். செல்ஃபி எடுத்தார்கள். 'அன்னக்கிளி' வந்தது 1976, லண்டனில் சிம்பொனி வாசித்தது 2025 மார்ச் 8 என்று, எல்லோருக்கும் தெரிந்ததையே நானும் சொன்னேன். ஒரு டீ குடித்தோம்.

"சரி, அடுத்து என்ன பார்க்கலாம்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில், அடுத்து என்ன என்ற கேள்விக்கு எனக்கு பதில் தெரியவில்லை. செம அவமானமாக இருந்தது.

நாகசாகி செஞ்ச வேலை

வந்தவர்களில் ஒருத்தர் ஜப்பான் பைத்தியம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் நாகசாகி கதையைச் சொன்னார்.

நாகசாகி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? 1945 ஆகஸ்ட் 9, அணுகுண்டு. அவ்வளவுதான். உலகத்துக்கே அந்த ஒன்றுதான் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் 2006-ல் 'சாருகு' என்று ஒரு விழா எடுத்தார்கள். அந்த ஊர் வட்டார வழக்கில், 'சும்மா சுத்தித் திரியுறது' என்று அர்த்தம். வரைபடத்தை வைத்துக்கொண்டு நீங்களே சுற்றலாம். இல்லையென்றால் உள்ளூர்க்காரர் ஒருத்தர் கூடவே நடந்து கதை சொல்வார். அப்படிச் சொன்னவர்கள் அந்த ஊரிலேயே வாழ்கிற சாதாரண மக்கள். விழா முடிந்தும் அந்த நடை நிற்கவில்லை.

அங்கே சாப்பாட்டுக்கும் கதை இருக்கிறது. சாம்போன் என்கிற நூடுல்ஸ், சீனாவிலிருந்து படிக்க வந்த பசங்களுக்குக் குறைந்த செலவில் வயிறு நிறையட்டும் என்று ஒரு சீன உணவகத்தில் உருவானதாகச் சொல்கிறார்கள். அந்தக் கடை ஆரம்பித்த வருஷம் 1899. கஸ்டெல்லா என்கிற கேக், 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் வழியாக வந்தது. ஒரு தட்டு நூடுல்ஸும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டால், அந்தத் துறைமுகத்துக்கு யார் யார் வந்து போனார்கள் என்பது புரிந்துவிடும்.

"உங்க ஊரும் ஒரே ஒரு பேரால தெரிஞ்ச ஊர்தானே?" என்றார் நண்பர். சுருக்கென்று இருந்தது.

அப்பத்தா கைடு ஆன கதை

மதியம் வீட்டில் கேப்பைக் களியும் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்கணும் என்று தெரியாமல் இரண்டு பேரும் திணற, அப்பத்தா எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"மெல்லாதய்யா, உருட்டிக் கொழம்புல முக்கி முழுங்கு. இது வானம் பாத்த மொச்சை. மழைக்கு மொளைச்சு பனிக்குக் காய்க்கும். தை மாசம் வந்ததால ஒங்களுக்குப் பச்சை மொச்சை. சித்திரையில வந்திருந்தா காஞ்ச பயறுதான்."

அப்படியே பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பியது. பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியதும், தம்பிகள் அவரோடு ஊர் ஊராகப் போனதும் எல்லோரும் படித்த கதை. அப்பத்தா சொன்னது நான் எங்கேயும் படிக்காதது. சின்னப் பிள்ளையாகச் சாக்கை விரித்து முன்வரிசையில் இடம் பிடித்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பூச்சி பறந்தது. பாட்டு முடிந்ததும் இருட்டில், பயம் தெரியாமல் இருக்க அதே பாட்டைப் பாடிக்கொண்டே பெண்கள் கூட்டமாக வீடு திரும்பியது. மறுநாள் களையெடுக்கும்போதும் காட்டில் அதே பாட்டுதான்.

நண்பர்கள் குழம்பை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பத்து நிமிஷம் தாண்டாத ஊர், அப்பத்தா வாயில் இரண்டு மணி நேரம் ஓடியது.

ஒரு ரவுண்டு போவோமா?

அடுத்த இரண்டு நாள் நாங்கள் சுற்றியதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் வந்தால் உதவும்.

உத்தமபாளையம்: ஊர் ஓரத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. இந்த வழியாக எத்தனையோ வருஷம் பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒருநாள்கூட இறங்கியதில்லை. சமணர் பாறையும் கருப்பண்ணனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை விளக்கிச் சொல்ல ஒருத்தர் கூட இருந்தால் எப்படி இருக்கும்!

கோம்பை: எங்களுக்குப் பக்கத்து ஊர். நாட்டு நாய் வளர்ப்பவர்களிடம் பேரைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். 'கோம்பை' என்ற நாய் இனத்துக்கு இந்த ஊர்ப் பெயர்தான்.

பாலார்பட்டி, லோயர்கேம்ப்: ஜனவரி 15, ஜான் பென்னிகுவிக் பிறந்தநாள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இங்கிலாந்து இன்ஜினீயர். 1895-ல் அணை திறந்த பிறகு, மேற்கே போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. பாலார்பட்டியில் அவருக்காகவே பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் அவர் படம், பிள்ளைகளுக்கு அவர் பேர் என்பதெல்லாம் இங்கே சாதாரணம். 2013-ல் திறந்த மணிமண்டபம் லோயர்கேம்ப்பில் இருக்கிறது.

கம்பம்: பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும். தோல் கறுப்பு, உள்ளே விதை, கடித்தால் வாசனை. தோட்டத்து ஓரத்தில் வாங்கிச் சாப்பிட்டால்தான் அருமை தெரியும்.

திரும்பும்போது போடியில் ஏலக்காய் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து மலைகளில் விளைகிற காய் ஏலத்துக்கு வருகிற ஊர் அது.

எல்லாமே இருக்கு, ஆனா...

இவ்வளவு இருந்தும், சுற்றிக்காட்ட ஆள் தேடி எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். "அதையெல்லாம் யாருப்பா பாக்க வர்றா?" என்பதுதான் கிடைத்த பதில். வருகிறவர்கள் செல்ஃபி எடுத்து, டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது அந்த டீ காசு மட்டும்.

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஊரில் கதை தெரிந்த நாலு பேர், இரண்டு மணி நேர நடை, ஒரு வீட்டுச் சாப்பாடு, நியாயமான கட்டணம். டிகிரி முடித்துவிட்டு வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் பசங்களில் இரண்டு பேருக்காவது லீவு நாளில் வருமானம். களி கிண்டத் தெரிந்த அக்காக்களுக்கும் வருமானம்.

இதில் ஆபத்து இல்லாமலும் இல்லை. ஜப்பானின் கியோட்டோ நகரில் கெய்ஷாக்களைப் படம் பிடிக்கத் தனியார் சந்துகளுக்குள் கூட்டம் புகுந்து தொல்லை அதிகமானதால், 2024-ல் அந்தச் சந்துகளில் டூரிஸ்ட்டுகள் நுழையத் தடை போட்டார்கள். மீறினால் 10,000 யென் அபராதம். யார் வீட்டு வாசல் எது, எங்கே கேமராவை உள்ளே வைக்கணும் என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அதற்காகவும் உள்ளூர் கைடு வேண்டும்.

எனக்கு இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெட்ரோமாக்ஸ் கதையை மறுபடி சொல்லச் சொல்லி போனில் ரெக்கார்டிங் போட்டேன். அப்பத்தா ஆரம்பித்தார். பாதியில் நின்றார். கூட நடந்து வந்த தோழி ஒருத்தியின் பேர் வரவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மறந்துபோச்சுய்யா" என்று சிரித்தார்.

ரெக்கார்டிங்கில் அந்தச் சிரிப்பும் இருக்கிறது. பேர்தான் இல்லை.

உங்கள் ஊரிலும் ஒரு அப்பத்தா இருப்பார். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால், சாப்பிடும்போது போனை ஓரமாக வைத்துவிட்டு "நம்ம ஊர்ல அப்ப என்ன இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ரெக்கார்டிங் மட்டும் ஆன்லயே இருக்கட்டும்!