விருது குடுத்தால் கணக்குத் தீருமா?

புரூக்ஸ்லி போர்னைப் பற்றி எழுதுற எல்லாரும் அவரை 'ஒருத்தரும் காதுகுடுக்காத தீர்க்கதரிசி' ஆக்கிவிடுகினம். எங்களுக்கு இதில உடன்பாடில்லை. அவர் சொன்னது எல்லாருக்கும் நல்லாவே கேட்டது. கேட்டதாலதான் அவரின் கையைக் கட்டினார்கள்.

போர்ன் எங்களைப் போல முதலில் இலக்கியம் படித்தவர். பிறகு சட்டம். ஸ்டான்ஃபோர்ட் சட்டச் சஞ்சிகைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். 1996 இல் அமெரிக்காவின் பண்ட எதிர்கால வர்த்தக ஆணைக்குழுவுக்குத் தலைவரானார். அப்போது வங்கிகள் தங்களுக்குள்ள டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டிருந்தன. வட்டி ஏறுமா, கடன் திரும்புமா என்று எழுதிக் கட்டுற பந்தயம் மாதிரி. சந்தைக்கு வெளியே நடந்ததால, ஆர் ஆருக்கு எவ்வளவு குடுக்கவேணும் என்று முழுசாக ஒருத்தருக்கும் தெரியாது.

1998 மே 7 அன்று அவர் சட்டம் ஒன்றும் போடவில்லை. இதைக் கண்காணிக்க வேணுமா என்று கேட்டு ஒரு கலந்துரையாடல் அறிக்கை வெளியிட்டார், அவ்வளவுதான். அதே நாளே மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான், திறைசேரிச் செயலாளர் ரூபின், பிணையங்கள் ஆணைக்குழுத் தலைவர் லெவிற் மூவரும் சேர்ந்து எதிர் அறிக்கை விட்டார்கள். அவர் பிடிவாதக்காரி, பேசிச் சரிவராத ஆள் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக லெவிற்றே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார்.

அந்த செப்டெம்பரிலேயே லோங் ரேம் கபிற்றல் மனேஜ்மென்ற் என்ற நிதியம் கவிழ்ந்தது. அதைத் தூக்கி நிறுத்த 14 நிறுவனங்கள் 360 கோடி டொலர் போட்டன. அதற்குப் பிறகும் காங்கிரஸ் என்ன செய்தது? போர்னின் ஆணைக்குழு புது விதி போடக்கூடாது என்று ஆறு மாதம் தடைபோட்டது. 1999 இல் அவர் பதவியை விட்டுப் போனார். 2000 டிசம்பரில் வந்த சட்டம் அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றைக் கண்காணிப்புக்கு வெளியே தள்ளியது.

அந்த ஒரு அறிக்கை 2008 நெருக்கடியைத் தடுத்திருக்கும் என்று நாங்கள் சொல்லேல்ல. வீட்டுக்கடன் கூத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஏஐஜி என்ற காப்புறுதி நிறுவனத்தைக் கவிழ்த்ததில் இதே வகை ஒப்பந்தங்களுக்குப் பெரும் பங்கு. அதைக் காப்பாற்ற அரசு முதற்கட்டமாகவே 8500 கோடி டொலர் கடன் குடுக்க வேண்டிவந்தது. தன் நம்பிக்கையில் பிழை கண்டதாக கிரீன்ஸ்பான் அந்த ஒக்டோபரில் ஒத்துக்கொண்டார். அடுத்த வருசம் போர்னுக்குத் துணிச்சலுக்கான கென்னடி விருது குடுத்தார்கள். வீடு எரிஞ்ச பிறகு மாலை!

இதில எங்களுக்கும் பாடம் இருக்கு. பீடத்துச் சங்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை எழும்பி "ரிக்கெற் வித்த காசு எங்க?" என்று கேட்டால் என்ன நடக்குது? கணக்கு வராது. "அவ சரியான சண்டைக்காரி" என்ற பேச்சு மட்டும் ஹொஸ்ரல் வரைக்கும் போகும். அதைக் கேட்டுச் சிரிச்சவர்களில் நாங்களும் இருந்திருக்கிறம்.

ஆகவே, 'முதல் பெண் தலைவர்' என்று படம் வந்தவுடன கைதட்ட ஓடாதேங்கோ. அந்தக் கதிரையில் இருந்து அவ கணக்குக் கேட்கலாமா, கேட்டால் பதில் வருமா என்று முதலில் பாருங்கோ. அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளை திரும்ப எழும்பினால், நாங்களும் பக்கத்தில எழும்பவேணும்.