எச்சரித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா?

2024 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் திறந்துவிட்ட வெள்ளம் விழுப்புரம், கடலூர் கிராமங்களை மூழ்கடித்ததோடு, புதுச்சேரியின் பாகூர் கொம்யூனுக்குள்ளும் புகுந்தது. வடக்கே, வீடூர் அணையின் உபரிநீரும் சேர்ந்து பெருகிய சங்கராபரணி, வில்லியனூர் பக்கத்துத் தாழ்வான பகுதிகளை மிரட்டியது. இரண்டு அணைகளும் தமிழ்நாட்டுக்குச் சொந்தமானவை. மதகை ஏற்றி இறக்கும் பொறியாளர்கள் சென்னைக்குப் பதில் சொல்பவர்கள். பாகூர்க்காரருக்கோ கோட்டையைக் கேள்வி கேட்க ஓட்டுகூட இல்லை.

வெள்ளம் வடிவதற்குள் அரசியல் சண்டை தொடங்கியது. முன்னறிவிப்பின்றி அணையைத் திறந்துவிட்டார்கள் என்றார் எடப்பாடி பழனிசாமி. ஐந்து முறை எச்சரிக்கை விட்டோம் என்றார் நீர்வளத்துறை அமைச்சர் துரைமுருகன். சட்டமன்றத்திலும் இதே வாதம்தான். எச்சரிக்கை போனதா, போகவில்லையா என்பதிலேயே விவாதம் முடிந்துபோனது. போயிருந்தாலும், நெல் வயலைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட முடியுமா? மாட்டை அவிழ்த்துவிடலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து முகாமில் விடலாம். எச்சரிக்கை உயிரைக் காக்கும், அது பெரிய விஷயம்தான். அழிந்த பயிருக்கும் இடிந்த சுவருக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அணைப் பொறியாளர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புயலின் மிச்சம் உள்ளே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஊத்தங்கரையில் பெய்த தண்ணீரெல்லாம் சாத்தனூரை நோக்கித்தான் வந்தாக வேண்டும். அன்று இரவு மதகைத் திறக்காமல் இருந்திருந்தால் அணைக்கே ஆபத்து என்ற அரசின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கேட்க வேண்டியது அந்த இரவைப் பற்றியல்ல, அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி. 119 அடி உயர அணையில், புயல் வருமுன் எத்தனை அடியைக் காலியாக வைப்பது? காலியாக வைத்து மழை ஏமாற்றினால், கோடைச் சாகுபடிக்குத் தண்ணீர் இல்லை என்று பாசன விவசாயிகள் அதிகாரிகளைப் பிடித்து உலுக்குவார்கள். விளிம்புவரை நிரப்பி மழை மிஞ்சினால், அடிபடுவது ஆற்றின் கடைக்கோடியில் இருப்பவர். எந்த அதிகாரியும் முதல் பழிக்குத்தான் அதிகம் அஞ்சுவார், அதில் வியப்பில்லை. நிரப்புவதன் லாபம் ஓரிடத்திலும் ஆபத்து இன்னோரிடத்திலும் விழும்படி எடுக்கப்படும் முடிவு இது. இயற்கைச் சீற்றம் என்ற சொல்லுக்குள் இந்த முடிவையும் சேர்த்து மூடிவிடுகிறோம்.

சட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் தேக்கியவர், கவனக்குறைவு இல்லாவிட்டாலும், அது தப்பியோடிச் செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு என்று 1868-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்ததே ஒரு நீர்த்தேக்க வழக்கில்தான். ஆறே ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலிருந்து அதேபோன்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துப் போயின. ஏரியைப் பராமரிப்பது இந்த நாட்டில் ஜமீன்தாரின் கடமை, ஊருக்கே அது உயிராதாரம் என்று சொல்லி, 1874-ல் அவரை விடுவித்தார்கள். கவனக்குறைவை நிரூபித்தால் மட்டுமே நஷ்டஈடு.

ஊர் நன்மைக்காகத் தேக்கிய நீர் என்ற அந்தக் கவசம் இன்றைய அணைகளுக்கும் பொருந்திப் போகிறது. டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக் கசிவு வழக்கில், நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஆபத்தான தொழிற்சாலைகளுக்கு எந்தச் சாக்கும் செல்லாது என்றது. அரசு அணைகள் அந்த வட்டத்துக்குள் வரவில்லை. 2021-ம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் அவசரகாலத் திட்டம் உண்டு, உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத்தண்டனைகூட உண்டு. வெள்ளத்தில் இழந்தவருக்கு இழப்பீடு பெறும் உரிமை மட்டும் இல்லை.

உரிமை இல்லாத இடத்தில் நிவாரணம் வருகிறது. புதுச்சேரி முதல்வர் ரங்கசாமி ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தார். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்குத் தமிழ்நாடு அறிவித்தது 2,000. ஒரே ஆறு, ஒரே வெள்ளம், கரைக்கு ஒரு விலை. அதிலும் புதுச்சேரியில் தண்ணீர் எட்டிப்பார்க்காத வீட்டுக்கும் அதே 5,000தான். நல்ல மனதுதான், ஆனால் சேதத்தைக் கணக்கெடுத்துக் கொடுத்த தொகை அல்ல.

தொகை ஒருபுறம் இருக்க, யாரைக் கேட்பது என்பதே இங்கே தெளிவில்லை. 2024 ஜூன் 11-ம் தேதி, வில்லியனூர் சாலையில் உள்ள ரெட்டியார்பாளையத்தில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறி, ஒரு சிறுமி உட்பட மூன்று பேரைக் கொன்றது. கொடுமையிலும் அங்கே ஒன்று தெளிவாக இருந்தது: எந்த அலுவலகத்தின் முன்னால் போய் உட்கார வேண்டும் என்று மக்களுக்குத் தெரியும். தென்பெண்ணைக் கரையில் அதுவும் தெரியாது. புதுச்சேரி அரசைக் கேட்டால் அணை நம்முடையதல்ல என்று கைவிரிக்கலாம். தமிழ்நாட்டுக்கோ பாகூர் வேறொரு நிர்வாகத்தின் எல்லை. சாத்தனூர் அணை முடிந்த 1958-ல் பாகூர் மண் சட்டப்படி பிரான்சுக்குச் சொந்தமாகத்தான் இருந்தது. 1962-ல்தான் முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. கீழே இருப்பவரைக் கேட்டுத் திட்டமிட வேண்டிய கட்டாயம் அன்று யாருக்கும் இருந்திருக்காது.

இருந்தும், அதே தென்பெண்ணை நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவர 1910-லேயே பிரெஞ்சு அரசும் பிரிட்டிஷ் அரசும் ஒப்பந்தம் போட்டன. வரவேண்டிய தண்ணீருக்கு இரண்டு சாம்ராஜ்யங்கள் எழுதி வைக்க முடிந்தது. கரை மீறி வரும் தண்ணீருக்கும் இரு அரசுகள் அப்படி எழுதலாம்: எந்த மாதத்தில் அணையில் எத்தனை அடி இடம் விடுவது, எத்தனை கன அடியைத் தாண்டினால் பாகூர், வில்லியனூர் தாசில்தார்களுக்கு நேரடியாகத் தகவல் போவது, அதற்குமேல் ஏற்படும் பயிர்ச்சேதத்தில் எந்தக் கஜானா எத்தனை பங்கு கொடுப்பது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. இரு தரப்புச் செயலர்களும் உட்கார்ந்து பேச அதற்கு முன் ஒரு கோடை முழுக்க இருக்கிறது.