மார்த்தாவுக்குச் சொல், மரியாவுக்குக் கண்ணீர்



பெண்கள் கூடியமர்ந்து விவிலியம் கற்பது நம் காலத்தில் தோன்றிய புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஏறத்தாழ 1,640 ஆண்டுகளுக்கு முன்னரே, உரோமை நகரின் அவெந்தீன் குன்றின்மேல், மார்செல்லா என்னும் கைம்பெண்ணின் இல்லத்தில் பெண்கள் கூடி மறைநூலைக் கற்றனர். 382 முதல் 385 வரை உரோமையில் தங்கியிருந்த புனித எரோனிமுஸ் அவர்களுக்கு ஆசானாக விளங்கினார். அக்குழுவைச் சார்ந்த பவுலா எபிரேய மொழியையும் கற்றார். மார்செல்லாவோ ஆசான் கூறியதை அப்படியே ஏற்றுக்கொள்பவர் அல்லர். கேள்விமேல் கேள்வி கேட்பவர். வாதத்தில் வெல்வதற்காக அன்றி, உண்மையை அறிவதற்காகவே அவர் கேட்டார் என்று எரோனிமுஸே பின்னாளில் எழுதிய மடலொன்றில் போற்றியுள்ளார். ஆசான் உரோமையை விட்டு அகன்றபின், மறைநூலைப் பற்றி ஐயம் எழுந்தபோதெல்லாம் மக்கள் மார்செல்லாவையே நாடிச் சென்றனர்.

நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலும் மறைக்கல்வி குடும்பத்தின் வழியாகவே வேரூன்றியது. 1542-இல் இங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, அவற்றை மனப்பாடம் செய்வித்தார். கற்றதை வீட்டிற்குச் சென்று தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்குமாறு அச்சிறுவரைப் பணித்தார். நம் முன்னோர் இறைவார்த்தையை ஏட்டில் படிப்பதற்கு முன் செவியால் கேட்டே நெஞ்சில் பதித்தனர். பின்னர் 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டினை வெளியிட்டு, மறைநூலை அடிக்கடி வாசிக்குமாறு இறைமக்கள் அனைவரையும் வலியுறுத்தியது. 1995-இல் விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு நம் கைகளுக்கு வந்தது. இவ்வாறு, ஒரு காலத்தில் உரோமைச் சீமாட்டியரின் இல்லத்தில் ஒலித்த வார்த்தை இன்று கரிசல் நிலத்துக் குடிசையிலும் ஒலிக்கின்றது.

கயத்தாற்றில் எங்கள் பெண்கள் விவிலியக் குழு வாரந்தோறும் வியாழன் மாலையில், வீட்டிற்கு ஒரு முறையாகக் கூடுகிறது. உளுந்துக் காட்டில் களை எடுத்துத் திரும்பியோர், தீப்பெட்டித் தொழிற்கூடத்தில் வேலை முடித்து வந்தோர், பேரப்பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டோர் என யாவரும் வருவர். இக்குழுவை நடத்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. நடத்துபவள் நான் என்றாலும், கற்றவளும் நானே. அவ்வாறு கற்றவற்றுள் தலையாய ஒன்றை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒருநாள் யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். லாசர் உயிர்பெற்று எழுந்த பகுதி அது. வாசித்து முடிந்ததும் ஒரு தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான்குவழிச் சாலையில் நேர்ந்த விபத்தில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்து ஓராண்டு நிறைவுபெறாத நிலையில் இருந்தவர் அவர். “அக்கா, மார்த்தாவின் தம்பியை எழுப்பிக் கொடுத்த ஆண்டவர், என் பிள்ளையை மட்டும் ஏன் எழுப்பித் தரவில்லை?” என்று கேட்டார். வீடு முழுவதும் மௌனம். “அப்படிக் கேட்கக்கூடாது, அது பாவம்” என்றார் ஒருவர். “எல்லாம் அவர் சித்தம்” என்றார் மற்றொருவர். அச்சொற்கள் அவரைத் தேற்றவில்லை. அவர் எழுந்து போகவே முற்பட்டார்.

அப்போது மூலையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் பேசினார். எழுத்தறியாதவர் அவர். “எதற்கு அவளைத் தடுக்கிறீர்கள்? மார்த்தாவும் அதையேதானே கேட்டாள்? அவள் தங்கச்சியும் வந்து அதே வார்த்தையைத்தானே சொன்னாள்?” என்றார்.

நாங்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். மூதாட்டி கூறியது முற்றிலும் உண்மை. ஆண்டவர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று மார்த்தா 21-ஆம் வசனத்தில் முறையிடுகிறார். மரியாவும் 32-ஆம் வசனத்தில் அதையே சொல்லி ஆண்டவரின் காலில் விழுகிறார். அவ்விரு முறையீடுகளும் ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் ஒன்றே. பலமுறை கண்ணால் வாசித்த எங்களுக்குத் தென்படாதது, ஒருமுறை காதால் கேட்டவருக்குத் தென்பட்டது.

அதைத் தொடர்ந்து நாங்கள் கண்டது இன்னும் வியப்பானது. ஒரே முறையீட்டுக்கு இயேசு ஒரே மறுமொழியைத் தரவில்லை. மார்த்தாவுடன் அவர் உரையாடுகிறார். உயிர்த்தெழுதலும் வாழ்வும் தாமே என்னும் பெரும் மறைபொருளை அவருக்கு வெளிப்படுத்துகிறார். மரியாவிடமோ அவர் விளக்கம் ஏதும் கூறவில்லை. உள்ளங்குமுறிக் கண்ணீர் விடுகிறார். மார்த்தாவுக்குச் சொல், மரியாவுக்குக் கண்ணீர். ஏன் இப்படிக் கேட்டாய் என்று இருவரில் எவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் சற்று நேரத்தில் லாசரை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் அவர் அழுதார். ஆகவே, அழுகை நம்பிக்கையின்மை ஆகாது.

அன்று அத்தாய்க்கு நாங்கள் விளக்கம் எதுவும் கூறவில்லை. அந்த மூதாட்டி அவர் அருகே நகர்ந்து அமர்ந்து கையைப் பற்றிக்கொண்டார். விளக்கை அணைக்கும் நேரம் கடந்தும் ஒருவரும் எழுந்து செல்லவில்லை. அடுத்த வாரமும் அவர் வந்தார். மௌனமாக அமர்ந்திருந்து சென்றார். அவர் கேட்ட கேள்விக்கு இன்றளவும் எங்களிடம் விடையில்லை. எழுப்பப்பட்ட லாசரும் பின்னர் ஒருநாள் இறந்தவரே என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம். ஆயினும் இன்று எங்கள் ஊரில் ஏதேனும் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், முதலில் போய் நிற்பவர் அந்தத் தாய்தான். போதனை ஏதும் சொல்லமாட்டார், உடன் அமர்ந்திருப்பார்.

இதனின்று நான் கற்ற பாடம் மூன்று. முதலாவது, கேள்வி பாவமன்று. வானதூதரிடம் இது எப்படி நிகழும் என்று நம் அன்னை மரியாவும் கேட்டார், மார்செல்லாவும் கேட்டார். கேள்வியை அடக்குகிற குழுவில் துயரம் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டாவது, எழுத்தறியாதவர் மறைநூலுக்கு அந்நியர் அல்லர். ஆகவே எங்கள் குழுவில் ஒவ்வொரு பகுதியையும் உரக்க, நிறுத்தி, இருமுறை வாசிக்கிறோம்; பின்னரே பேசத் தொடங்குகிறோம். மூன்றாவது, குழுவை நடத்துபவள் விடைகளைச் சுமந்து செல்லும் ஆசிரியை அல்லள். எவருக்குச் சொல் வேண்டும், எவருக்குக் கண்ணீர் போதும் என்று ஆண்டவரிடம் கேட்டறிய வேண்டியவள் அவள்.

வார்த்தை செயலாகவும் வேண்டும். சாரிபாத்துக் கைம்பெண்ணின் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும் இருந்த வரலாற்றை, முதலாம் அரசர் நூலில் வாசித்தோம். மழை பொய்த்த ஆண்டுகளைக் கண்ட கரிசல் நிலத்துப் பெண்களுக்கு அதற்கு விரிவுரை தேவைப்படவில்லை. அன்று முதல் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கிறோம். மாத முடிவில், தேவைப்படும் ஒரு குடும்பத்திற்கு அது ஆரவாரமின்றிச் சென்று சேர்கிறது.

சகோதரிகளே, 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஆண்டின் பொதுக்காலம் 3-ஆம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். அந்த ஒரு நாளோடு நின்றுவிடாது, உங்கள் தெருவில் நான்கு பெண்கள் சேர்ந்தாலும் போதும், தொடங்குங்கள். புலமை இல்லையே என்று தயங்காதீர்கள். குழுவில் ஒருவர் திறந்துரைக்கும் துயரம் அந்த வாசலைத் தாண்டி வெளியே போகாதபடி காத்துக்கொள்ளுங்கள். உங்கள் நடுவே ஒரு மார்த்தாவும் ஒரு மரியாவும் நிச்சயம் இருப்பர். அவ்விருவரையும் அறிந்த ஆண்டவரும் இருப்பார்.