மிச்சிகன் கோல் முறைகேடு அல்ல
என்எச்எல் 21 ஐஸ் ஹாக்கி வீடியோ கேமில் சேர்க்கப்பட்ட 'மிச்சிகன்' உத்தி, வலைக்குப் பின்னால் பக்கை (ஆட்ட வட்டை) மட்டையில் ஏந்தி கோலின் மேல்மூலையில் செருகுவது. கணினி இயக்கும் கோலியால் (கோல் காப்பாளரால்) அதைத் தடுக்க முடிவதில்லை, ஆகவே அது நியாயமற்றது என்பது எதிர்வாதம். அதை மூன்று காரணங்களால் மறுக்கிறேன்.

ஒன்று: மோதும் இருவர் கையிலும் இருப்பது ஒரே கன்ட்ரோலர். பயின்றவருக்குக் கிடைக்கும் பலன் எப்படி அநீதியாகும்?

இரண்டு: இது கேமுக்காகப் புனைந்ததல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக வீரர் மைக் லெக் 1996இல் இப்படி கோல் அடித்தார். 2019 அக்டோபர் 29 அன்று வீரர் ஆந்த்ரே ஸ்வெச்னிகோவ் நிஜ என்எச்எல் லீக் ஆட்டத்திலேயே இப்படி அடித்தார். மட்டை பக்கைத் தொடும் இடம் கோலின் குறுக்குக் கம்பிக்கு மேலே போகாதவரை விதி அதை ஏற்கிறது.

மூன்று: பக்கை ஏந்த நேரம் பிடிக்கும். அதற்குள் தடுப்பாளரை வலைக்குப் பின்னால் அனுப்பாதது யார் தவறு?

கணினி கோலி ஒவ்வொரு முறையும் ஏமாந்தால், பிழை கோலியின் நிரலில் இருக்கிறது. அதைத் திருத்தாமல் உத்தியை நீக்கச் சொல்வதில் என்ன நியாயம்?