தார்ப்பாய் படபடக்கிறதா?

வீடு மாற்றும்போது, சாமான் ஏற்றிய குட்டியானை ஹைவேயில் ஏறியதும் தார்ப்பாய் படபடன்னு அடிக்கும். சத்தம்தானே என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் காற்றின் விசை நாலு மடங்கு. தார்ப்பாய் கிழிந்து ஒரு குடம் உருண்டால், பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு வருபவர் கதி என்ன?

சாமான்களுக்கு நடுவே பள்ளம் இல்லாமல் தலையணை, மெத்தையால் நிரப்புங்கள். இரண்டு தார்ப்பாய் என்றால், முன்பக்கத்தது பின்பக்கத்ததன் மேல் படியட்டும். காற்று உள்ளே புகாது. கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கொக்கியருகே பழைய சைக்கிள் டியூப் துண்டை இணைத்தால் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும். உரசும் இடத்தில் பழந்துணி சுற்றுங்கள். 10 கிலோமீட்டர் போனதும் வண்டியை ஓரங்கட்டி, முடிச்சுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். டிரைவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டுமே!