சூதாட்டம்: குணக்கேடா, மூளைக் கோளாறா?

ரயில்வே பணிமனையில் என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், சம்பள நாளன்று நேரே குதிரைப் பந்தயத்துக்குப் போய்விடுவார். கெட்டிக்காரத் தொழிலாளி, குடிப்பழக்கம் கிடையாது. கடைசியில் மனைவியின் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயிற்று. “மனக்கட்டுப்பாடு வேண்டாமா ஐயா?” என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். தலைகுனிந்து நின்றார். மறுவாரமும் போனார். நான் பேசியது தவறு என்று இப்போது உணர்கிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், 2013-இல் வெளியிட்ட தன் கையேட்டில் சூதாட்ட வெறியை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. மூளையின் ஆழத்தில் ஆசையைத் தூண்டும் பகுதி ஒன்று உண்டு. நெற்றிக்குப் பின்னால், ‘பொறு, யோசி’ என்று தடுக்கும் பகுதி உண்டு. முன்னது எஞ்சின், பின்னது பிரேக். சூதாட்டத்துக்கு அடிமையானவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்த சில ஆய்வுகளில், இப்பகுதிகளிலும் இவற்றை இணைக்கும் நரம்பிழைகளிலும் சிறு வேறுபாடுகள் தென்பட்டன. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. படத்தைப் பார்த்து ‘இவர் சூதாடி’ என்று சொல்லவும் முடியாது.

“ஒரு தலை வித்தியாசத்தில் போச்சு சார்!” என்பார் நண்பர். வெற்றி மயிரிழையில் தப்பும்போதும், ஜெயிக்கும்போது கிளர்ச்சியடையும் மூளைப் பகுதிகள் கிளர்ச்சியடைவதை 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டனர். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகளால், அதுவரை சூதாடாதவர்களுக்கும் அந்த வெறி வந்ததுண்டு. மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அடங்கியிருக்கிறது. குணக்கேடு மட்டும்தான் காரணமென்றால் இது எப்படி நடக்கும்?

“அப்படியானால் மூளைமேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாமே?” என்று அன்பர்கள் கேட்கலாம். மூளை மாறியதால் சூதாடினாரா, சூதாடியதால் மூளை மாறியதா என்பது இன்னும் தீராத கேள்வி. பிரேக் பிளாக் தேய்ந்த வண்டி வந்தால், தேய்ந்தது எப்படி என்று விசாரிப்போம். ஆனால் அதை மாற்றாமல் வண்டியை அனுப்பமாட்டோம். பிளாக்கைத் திட்டியும் பயனில்லை.

வண்டி இறங்கும் சரிவைக் குறைப்பது அரசின் வேலை. தமிழ்நாடு 2003-இலும் கர்நாடகம் 2007-இலும் லாட்டரியை நிறுத்தின. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் வந்ததாலேயே பழகிப்போன மூளை ஒரே நாளில் மாறிவிடாது.

அதற்கு மருத்துவம் வேண்டும். நம் ஊர் நிம்ஹான்ஸில் அடிமைப் பழக்கங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. இணையம், கைப்பேசிப் பழக்கத்துக்கென்றே 2014-இல் ‘ஷட்’ என்ற சிகிச்சைப் பிரிவும் தொடங்கப்பட்டது. 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

நம் குடும்பங்களில் என்ன செய்கிறோம்? மானம் போகுமென்று ரகசியமாகக் கடனை அடைத்துவிட்டு, பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறோம். அடைத்த கடன் அடுத்த பந்தயத்துக்கு வழிவிடுகிறது. பணப் பொறுப்பைச் சில காலம் வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். அவரை ஏசாமல், கூடவே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என் நண்பருக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.