ஒதுங்கினாளா, ஒதுக்கினார்களா?

“மேடம் யாரோடயும் ஒட்டமாட்டாங்க, ஒதுங்கியே இருப்பாங்க.” துறைக்குப் புதிதாக வந்த ஆசிரியரிடம் என்னைப் பற்றி இப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாகத் தன்வினை, பிறவினை நடத்துகிறவள் நான். ஒதுங்கினாள் என்பது தன்வினை. ஒதுக்கினார்கள் என்பது பிறவினை. ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும், செய்தவர் காணாமல் போய்விடுகிறார்.

பாடத்திட்டக் கூட்டம் மூன்று மணிக்கு என்று சுற்றறிக்கை வரும். மூன்று மணிக்குப் போனால் பேச எதுவும் மிச்சமிருக்காது. யாருக்கு எந்தத் தாள், எந்தப் பெண்கவிஞரைப் பாடத்திலிருந்து எடுப்பது எல்லாம் இரண்டரை மணிக்கே எதிர்த்த டீக்கடையில் முடிந்திருக்கும். நமக்கு மிஞ்சுவது கையெழுத்து. கருத்தரங்கு வந்தால் மட்டும் நம் நினைவு வரும்: குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, வரவேற்புரை. அமர்வுத் தலைமை அவர்களுக்கு. (துறைக்கு இன்னொரு வாட்ஸ்அப் குழு இருப்பதே எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. ஏதோ படம் காட்ட ஒருவர் கைபேசியை நீட்டினார், அதில் பார்த்தேன்.)

எப்படிச் சமாளித்தேன்? முதலில் இனிப்பு வாங்கிப்போனேன். பிறகு யாரும் தொடாத தேர்வுப் பணிகளை இழுத்துப்போட்டுக்கொண்டேன். என்னைக் குத்திய நகைச்சுவைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். கடைசியில் நூலகப் பின்வரிசையில், ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, தனியாகச் சாப்பிடத் தொடங்கினேன். வீட்டில் சொன்னால், “சம்பளம் வருதில்ல, அனுசரிச்சுப் போ.” மார்ச் 8 வந்தால் கல்லூரியே பெண்களுக்கு மன அழுத்தப் பயிலரங்கு நடத்துகிறது. மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்கள். டீக்கடைக்குப் போகிறவர்களுக்கு ஏன் பயிலரங்கு இல்லை? சமாளிப்பது என்பது சம்பளமில்லாத இன்னொரு வேலை. அதையும் நம் தலையிலேயே கட்டுகிறார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். எத்தனை பெண்களின் போராட்டத்தில் வந்தது அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் “என்னை டீக்குக் கூப்பிடவில்லை” என்று எந்தக் குழுவிடம் எழுதிக்கொடுப்பது? அற்ப விஷயம் என்பார்கள். நாற்காலியும் அற்பப் பொருள்தான். கடைகளில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு அதை வாங்கித்தர 2021இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத்திருத்தமே தேவைப்பட்டது.

என் தலித் தோழி என்னைவிட நல்ல ஆய்வாளர். அவளைப் பற்றி முதுகுக்குப் பின்னால், “ஒதுக்கீட்டுல வந்தவங்க.” அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால், “நாங்க சைவம்” என்று நாற்காலிகள் நகரும். உரிமையாக ஒதுக்கிய இடத்துக்கு வந்தவளை உள்ளே வைத்தே ஒதுக்குகிறார்கள்.

இனி என் பங்கு. எங்கள் துறையில் ஒரு கௌரவ விரிவுரையாளர் உண்டு. அந்தப் பெயரில் மட்டும்தான் கௌரவம். நான்கு ஆண்டுகளாக நூலகத்தில் எனக்கு எதிர்வரிசையில் சாப்பிடுகிறாள். படிப்பில் எனக்கிருக்கும் ஆர்வத்தால்தான் நான் அங்கே உட்காருவதாக நினைத்திருந்தாளாம். நான் அவளை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. “அந்தப் பொண்ணு ஒதுங்கியே இருக்கும்” என்று யாரிடமோ சொல்லியும் இருக்கிறேன்.

கடந்த பருவத்தில் கூட்டக் குறிப்பேடு என்னிடம் வந்தபோது கையெழுத்துக்கு மேலே, “இம்முடிவு நான் அழைக்கப்படாத இடத்தில் எடுக்கப்பட்டது” என்று எழுதினேன். படித்துப்பார்த்தால் செயப்பாட்டுவினை. யார் அழைக்கவில்லை, யார் எடுத்தார்? அடித்துவிட்டு, எழுவாய்களைப் பெயரோடு சேர்த்து மறுபடி எழுதினேன். துறைத்தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்கு முன்பும் பெரிதாகப் பேசியதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவளையும் அழைத்துப்போனேன். நாற்காலி ஒன்று குறைந்தது. யாரும் எழவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து இருவருமாக ஒன்றை இழுத்துவந்தோம்.